உன் பெயரில் இன்னும் போகும் மெயில்

இன்று காலை டீக்கு எழுந்திருக்கும்போது உன்னிடமிருந்து மெயில் வந்தது. "ஹாய் டியர், சாப்பிட்டாச்சா? இங்கே மழை பிடித்துக்கொண்டது, துவைத்த துணி எதுவும் காயவில்லை, அதனால் உட்கார்ந்து உனக்கு எழுதுகிறேன்" என்று ஆங்கிலத்தில் ஆரம்பித்து, பிள்ளைகள் பனியன் புது நிறங்களில் வந்திருப்பதாக முடிந்திருந்தது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வெளியே மழைதான் பெய்துகொண்டிருந்தது. நீ போன பிறகு வருகிற மூன்றாவது மழைக்காலம் இது.

இந்த மெயில் எனக்கு வருவதற்குக் காரணம் நீயேதான். துணி வாங்கும் வெளிநாட்டுப் பையர்களுக்கு எந்த விளம்பர மெயில் போனாலும் எனக்கும் ஒன்று வரும்படி பட்டியலில் என் முகவரியைச் சேர்த்து வைத்தாய். "கோணல்மாணலா இருந்தா நீங்க சொல்லிப்போடுவீங்க" என்றாய். அந்தப் பட்டியலை யாரும் மாற்றவில்லை. இந்தக் கடிதத்தை நான் தாளில் பேனாவால் எழுதுகிறேன். டைப் அடித்தால் நீயே பதில் போட்டுவிடுவாயோ என்று பயமாக இருக்கிறது.

நீ இருந்தவரை நமக்குள் ஓயாத சண்டை இந்த மெயில் பாஷையைப் பற்றித்தான். முதலிபாளையம் கம்பெனியில், வெளிநாட்டுச் சின்னச் சின்னக் கடைக்காரர்களுக்கு எழுதிப் பிள்ளைத் துணி விற்கும் வேலையை நம் இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் கொடுத்தார்கள். நான் திருச்செந்தூர்ப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவள். எங்கள் ஊர் வாய்க்கு மரியாதை கொஞ்சம் குறைவு. தமிழில் யாரையும் வா, போ என்பேன். ஆங்கிலம் என்று வந்துவிட்டால் மட்டும் கை தானாகக் கட்டிக்கொள்ளும். மதிப்பிற்குரிய ஐயா, தங்கள் மேலான கவனத்திற்கு என்றுதான் எழுத வரும். நீ அப்படியே நேர் எதிர். கேட்டில் நிற்கும் வாட்ச்மேனுக்கும், கட்டிங் டேபிளுக்கு அடியில் படுத்திருக்கும் பூனைக்கும்கூட 'ங்க' போடுகிறவள். அத்தனை வருஷம் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தும் என்னை ஒருநாள் 'நீ' என்று சொன்னதில்லை. ஆங்கிலத்தில் மட்டும், முகமே பார்த்திராத ஆளுக்கு ஹாய் டியர்.

"ஏட்டி, முன்னப்பின்ன தெரியாத ஆளுக்கு டியர்னு எழுதுத. ஒனக்குக் கூச்சமா இல்லையா?" என்று கேட்டேன்.

நீ கீபோர்டிலிருந்து கையை எடுக்காமல் சிரித்தாய். "அவங்க காலைல எந்திரிச்சு, காப்பி குடிச்சுட்டே மெயிலப் பாப்பாங்க. அந்நேரத்துக்கு நாம போயி கையக் கட்டிட்டு நின்னா, பாவம், அவங்களும் எந்திரிச்சு நிக்கோணுமில்லீங்க?"

"இப்படி உறவு கொண்டாடிட்டு, நாளைக்கு ஒண்ணுன்னா எப்படிக் கறாராப் பேசுவ?" என்றேன். உண்மையிலேயே உனக்கு அது வராது. சாயம் மாறிப்போய்த் துணி வந்தாலோ, பெட்டிகள் கப்பலைத் தவறவிட்டாலோ, உன் விரல் நகராது. கீபோர்டை என் பக்கம் தள்ளிவிடுவாய். "கெட்ட சேதிய நீங்களே எழுதிப்போடுங்க. நான் எழுதுனா அதுவும் சிரிச்சாப்பல இருக்குது."

நான் எழுதுவேன், வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம் என்று. கீழே உன் பெயர்தான் போகும். ஒரு பையருக்கு ஒரு பெயர் என்பது நம் கம்பெனி வழக்கம். எழுதுகிற கை எத்தனை மாறினாலும் பெயர் மாறக் கூடாது. ஆள் மாறியது தெரிந்தால் பையர் மிரண்டுவிடுவார் என்பார் பெரிய முதலாளி. வேலையை விட்டுப் போனவர்கள் பெயரில் புதிதாக வந்தவர்கள் எழுதிக்கொண்டிருப்பதை நாமே பார்த்திருக்கிறோம். "இங்க பேருக்குத்தான் வேலை போட்டுக் குடுத்திருக்காங்க, நமக்கில்லீங்க" என்று நீ கேலி செய்தாய். அப்போது நானும் சேர்ந்து சிரித்தேன்.

காங்கயம் ரோட்டில் அந்த லாரி உன் ஸ்கூட்டியைத் தட்டிய பிறகு உன் நாற்காலியில் யாரையும் உட்காரவைக்கவில்லை. உனக்குச் செய்கிற மரியாதை என்று நினைத்தேன். கொஞ்ச நாள் உன் பெயரில் நானே எழுதினேன். பதில்கள் குறைந்துகொண்டே வந்தன. பிறகு ஒருநாள் சின்ன முதலாளி என்னைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினார். உன் பழைய மெயில்களையெல்லாம் ஒரு சாஃப்ட்வேரிடம் கொடுத்திருக்கிறார். அது எல்லாவற்றையும் படித்துவிட்டு உன்னைப் போலவே எழுதுகிறது. பதில் வந்தால் மறுபதிலையும் அதுவே போட்டுவிடுகிறது. சைஸும் நிறமும் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது மட்டும்தான் இனி என் வேலை என்றார்.

"இது சரியில்ல சார். அவ செத்துப்போயிட்டா" என்றேன்.

அவர் குரலை உயர்த்தவே இல்லை. "தெரியுமுங்க அக்கா. அவங்க எழுதுனா படிக்கறாங்க, நாம எழுதுனா யாருங்க படிக்கறாங்க? அவங்க இருந்தாப்பலயே இருக்கட்டுமுங்க." இவ்வளவு மரியாதையாகப் பேசுகிற ஒருவரைப் பார்த்தும் பயம் வரும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

அந்த சாஃப்ட்வேருக்கு உன் மகளையும் தெரியும். அவளுக்கு முன்பல் விழுந்ததை நீ எந்தப் பையருக்கோ எழுதியிருந்தாய். அதை அது பிடித்துக்கொண்டது. மாதம் தவறாமல் ஏதாவது ஒரு நாட்டுப் பையருக்குப் போகும் மெயிலில் உன் மகளுக்குப் பல் விழுகிறது. போன வாரம் அவளை பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். பல்லெல்லாம் முளைத்து, என் தோள் உயரத்துக்கு வந்துவிட்டாள். "நல்லாருக்கீங்களா அத்தை?" என்று உன்னைப் போலவே கேட்டாள். அம்மா பெயரில் மெயில் போவது தெரியுமா என்று அவளிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

டென்மார்க்கில் பிள்ளைத் துணிக்கடை வைத்திருக்கும் அந்த அம்மாவை உனக்கு மறந்திருக்காது. உன் மெயில் வராவிட்டால் என்ன ஆச்சு என்று விசாரிப்பாரே, அவர்தான். இந்த ஆவணியில் அவர் கணவர் இறந்துபோனார். அதை உனக்குத்தான் எழுதியிருந்தார். 'இங்கே யாரிடமும் சொல்ல முடியவில்லை, உன்னிடம் சொல்கிறேன்' என்று. நான் படித்து முடிப்பதற்குள் பதில் போய்விட்டது. 'ஐயோ டியர், நான் இருக்கிறேன், எந்த நேரமும் எழுது.' அதற்குக் கீழே கொஞ்சம் இடம் விட்டு, குளிர்காலத்துக்கான பிள்ளைச் சட்டைகளின் படம்.

அவர் நன்றி சொல்லி எழுதினார். பிறகு தினமும் எழுத ஆரம்பித்தார். தூக்கம் வரவில்லை, பிள்ளைகள் போன் பண்ணுவதில்லை, வீட்டில் பேச்சுச் சத்தமே இல்லை என்று. ஒவ்வொன்றுக்கும் உடனுக்குடன் உன் பதில், ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு சட்டை. அவர் கடைக்குத் தேவையில்லாத அளவுக்கு ஆர்டர்கள் வரத் தொடங்கின. சின்ன முதலாளி எல்லோருக்கும் மைசூர்பாகு வாங்கிக் கொடுத்தார். என் பங்கை வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டேன். உன்மேல் எனக்குக் கோபம் கோபமாக வந்தது. யாரோ எவரோ, அவர்களுக்கு இத்தனை பிரியமாக ஏன் எழுதித் தொலைத்தாய் என்று.

கெட்ட சேதி எழுதுவது என் வேலையல்லவா, எழுதினேன். கம்பெனி மெயில் என்றால் சின்ன முதலாளி கண்ணில் படும் என்று என் சொந்த முகவரியிலிருந்து அனுப்பினேன். மதிப்பிற்குரிய அம்மையீர், ஆழ்ந்த வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்வது என்று தொடங்கி, நீ இல்லை என்பதையும், எழுதுவது எது என்பதையும் ஒரு பொய் இல்லாமல் சொன்னேன்.

அவர் அதை அப்படியே உனக்கு அனுப்பிவைத்தார். 'யாரோ முன்பின் தெரியாத ஆள் நீ இறந்துவிட்டதாக எழுதுகிறார். பாஷையைப் பார்த்தால் மோசடி மெயில் போல இருக்கிறது. நீ நன்றாகத்தானே இருக்கிறாய்?' நன்றாக இருப்பதாகப் பதில் போனது. சிரிக்கிற முகம் ஒன்றும் கூடவே போனது. அவருக்கு வந்த கெட்ட சேதி அத்தனையையும் எழுதியவள் நான். எல்லாவற்றிலும் உன் பெயர் இருந்ததால், என் பெயரை அவர் இப்போதுதான் முதல்முறையாகப் பார்க்கிறார்.

சின்ன முதலாளி அதைப் படித்துவிட்டார். திட்டுவார், வேலையை விட்டு அனுப்புவார் என்று காத்திருந்தேன். இன்று மத்தியானம் என் மேஜைக்கே வந்தார். நாற்காலியை, உன் நாற்காலியை, இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"ஏனுங்க அக்கா, இப்படிப் பண்ணிப்போட்டீங்க? அந்தம்மா பயந்துட்டாங்க. ஒருக்கா குரலக் கேக்கோணும்ங்கறாங்க." நாற்காலியை இன்னும் கிட்டத்தில் நகர்த்தினார். "உங்க சிநேகிதி ஊட்டுல போயிக் கேட்டா நல்லாருக்காதுங்க. உங்க போன்ல அவங்க பேசி அனுப்புனது ஏதாச்சும் இருக்குமுங்களா? கொஞ்சூண்டு போதுமுங்க, மிச்சத்த அந்த சாஃப்ட்வேரே பேசிக்கும்."

"இல்ல சார்" என்றேன்.

"தேடிப் பாருங்க, அவசரமில்லீங்க. அகப்படலீன்னா காலைல போனக் குடுங்க, நம்ம பசங்க பாத்துக்குவாங்க." என் கையில் இருக்கும் போன் கம்பெனி கொடுத்தது. அதை அவர் சொல்லிக் காட்டவில்லை.

வீட்டுக்கு வந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு, போனில் இருந்த உன் குரல் மெசேஜ்களைக் கேட்டேன். "ஏனுங்க, சோறு கொண்டாராதீங்க, ஊட்டுல கொள்ளு கடைஞ்சிருக்குது." "ஏனுங்க, பஸ்ஸுல எடம் போட்டு வெச்சிருக்கறனுங்க, ஓடியாங்க." "ஏனுங்க, நேத்து நான் பேசுனத மனசுல வெச்சுக்காதீங்க." ஒன்றிலும் டியர் இல்லை. ஒவ்வொன்றாகக் கடைசிவரை கேட்டுவிட்டு ஒவ்வொன்றாக அழித்தேன்.

கடைசியாக ஒன்று மிச்சம் இருந்தது. அதில் நீ எதுவும் பேசவில்லை. தெரியாமல் விரல் பட்டு வந்திருக்கும். தையல் மெஷின்கள் ஓடுகிற சத்தத்துக்கு நடுவே யாரிடமோ சிரிக்கிறாய், அவ்வளவுதான். சிரிப்பு மட்டும்தானே, இது இருந்துவிட்டுப் போகட்டும் என்று போனைக் கீழே வைத்தேன். டென்மார்க்கில் அந்த அம்மா தனியாக உட்கார்ந்து அந்தச் சிரிப்பைக் கேட்பது போல இருந்தது. எடுத்து அதையும் அழித்தேன்.

இனிமேல் நீ பேசுவது என் காதில் மட்டும்தான் இருக்கிறது. காலையில் போனைக் கொண்டுபோய் அவரிடம் கொடுத்துவிடுவேன்.