மூச்சுக்குத் திரும்பும் பக்கம்

அச்சுவேலி,
ஆடிப்பிறப்புக்கு அடுத்த நாள்.

அன்புள்ள குணலட்சுமிக்கு,

நான் சுகம். நீயும் தர்சினியும் மருமகனும் பேரக்குழந்தையும் சுகமாயிருக்க நல்லூரானை வேண்டுகிறேன். தினமும் தொலைபேசியில் முகம் பார்த்துக் கதைக்கிற காலத்தில் இந்த மனிசன் ஏன் கடிதம் எழுதுகிறார் என்று யோசிப்பாய். நீ கதைக்கும்போது மகள் பக்கத்தில் நிற்கிறாள். மகள் கேட்க நான் சொல்ல முடியாத விஷயங்களும் இருக்கின்றன.

நேற்று ஜெயகௌரி ரீச்சர் வீட்டிலிருந்து ஆடிக்கூழ் வந்தது. பனங்கட்டி கொஞ்சம் கூட. உன் கூழுக்குக் கிட்டவும் வராது. கிணற்றடி வாழை குலை தள்ளிவிட்டது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நல்லூர்த் தேருக்கு வந்துவிடுவேன் என்று சொல்லித்தான் நோர்வேயில் மகள் இருக்கும் பேர்கன் நகரத்துக்குப் போனாய். இப்போது, எங்கடை தொண்டைமானாறு மாதிரி உள்ளே நுழைந்திருக்கும் கடலை அக்கரைவரை நீந்திக் கடக்கும் நிகழ்ச்சி ஒன்று இருக்கிறது, அது தேருக்குப் பிறகுதான் வருகிறது, விமான ரிக்கற்றை மாற்றட்டா என்று கேட்கிறாய். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசித்ததில் பாதி ரிக்கற்றைப் பற்றியல்ல, உனக்கு நீச்சல் பழக்கும் கொலின்ஸைப் பற்றி. இதை எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் எழுதுகிறேன்.

முழங்கால் நோவுக்குத் தண்ணீரில் இறங்கச் சொன்ன டொக்டரில் எனக்குக் கோபமில்லை. அங்கத்தைய குளிருக்கு அந்த ரப்பர் உடுப்பு, வெற்சூட், வேண்டும் என்பதும் விளங்குகிறது. முதல்நாள் அது நெஞ்சை இறுக்கி மூச்சே வரவில்லை, பயந்துபோனேன் என்றாய். கழுத்தடியை விலக்கிக் கொஞ்சம் தண்ணீரை உள்ளுக்கு விடுங்கோ அக்கா, பிறகு மெதுவா ஊதுங்கோ என்று கொலின்ஸ் சொன்னாராம். நெஞ்சு இளகிவிட்டதாம். கொலின்ஸ் நல்லா விளங்கப்படுத்துவார் என்று சொன்னாய். வாழ்நாள் முழுதும் கணிதம் படிப்பித்தவன் நான். அந்தச் சொல்லை உன் வாயால் ஒருநாளும் கேட்டதில்லை. அவர் அக்கா என்றுதான் கூப்பிடுகிறார் என்பதையும் நீ இரண்டு தரம் சொன்னாய். ஒரு தரம் சொன்னால் போதும்.

பெயரைக் கேட்டு வெள்ளைக்காரர் என்று நினைத்து நிம்மதியாக இருந்தேன். யாழ்ப்பாணத்துக் குருநகர் ஆள் என்று பிறகுதான் சொன்னாய். வெள்ளைக்காரர் என்றால் மொழி நடுவில் வேலிபோல் நிற்கும். இவர் எங்கடை தமிழிலேயே பகிடி விடுவார், நீ சிரிப்பாய்.

பிறகு நீ அனுப்பிய படம். கழுத்திலிருந்து இடுப்புவரை முதுகிலே சிப். அதை யார் இழுத்துவிடுகிறார்கள் என்று உன்னிடம் கேட்க மனமில்லை. அப்படியான உடுப்பைத் தனியாகப் போட ஏலுமோ என்று தர்சினியிடம் பொதுவாகக் கேட்டேன். அதிலை நீளக் கயிறு ஒண்டு இருக்கப்பா, அம்மா தானே இழுப்பா, உங்களுக்கு வேறை யோசனை இல்லையோ என்று சிரித்தாள். அவளுக்கு விளங்கிவிட்டது. கலியாண வீடுகளுக்குப் போகும்போது உன் சங்கிலிக் கொளுக்கியை மாட்டிவிடுகிறவன் நான். அந்தக் கயிற்றிலும் எனக்குக் கொஞ்சம் எரிச்சல்தான்.

தலையைத் தூக்கினால் கால் தாழ்கிறது என்று நீ சொன்னபோது, கிணற்றுத் துலாவை நினைத்துக்கொள், ஒரு பக்கம் எழும்பினால் மற்றப் பக்கம் இறங்கும் என்று உதாரணம் சொன்னேன். அந்த உடுப்பே காலை மிதக்க வைக்குமென்றால் நீ தலையைத் தாழ்த்தினால் போதும், காலை அடித்துக் களைக்காதே என்றும் சொன்னேன். நீ போய் அவரிடம் சொன்னாய். அருமையான உதாரணம், இனி எல்லாருக்கும் இதைத்தான் சொல்லப்போகிறேன் என்றாராம். என் துலாவைக் கொண்டுபோய் அவர் பேர்கனில் இறைக்கிறார்!

எல்லாவற்றையும்விட, மருமகன் கரையில் நின்று எடுத்த வீடியோ. கறுப்பு உடுப்பில் நீ நீந்துகிறாய். வடிவாகத்தான் நீந்துகிறாய். வலப்பக்கம் கொலின்ஸ் நீந்தி வருகிறார். மூச்செடுக்க ஒவ்வொரு தரமும் முகத்தை அவர் பக்கமே திருப்புகிறாய். ஒருக்காலும் இடப்பக்கம் இல்லை. திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

அடுத்தநாள் பக்கத்து வீட்டு இராசநாயகத்தின் மோட்டார் சைக்கிளில் கீரிமலைக்குப் போனேன். கேணிப் படியில் இருந்து வாளியால் அள்ளி வார்த்துவிட்டு வருகிறவன் நான் என்பது உனக்குத் தெரியும். அன்று இடுப்பில் கட்டிய சாரத்தோடு இறங்கினேன். உள்ளே காற்றுப் புகுந்து சாரம் பின்னால் பூசணிக்காய்போல் எழும்பியது. மாஸ்டரின்ரை வெற்சூட் நல்ல மிதப்பு என்று இராசநாயகம் கத்தினார். கேணியில் நின்ற சனமெல்லாம் சிரித்தது.

தண்ணீருக்குள்ளேயே மூச்சை ஊதிவிட வேண்டும் என்று நீ சொல்லியிருந்தாய். நான் அடக்கி வைத்துக்கொண்டு, தலையை வெளியே எடுத்தபிறகு ஊதி, அந்த அவசரத்திலேயே இழுக்கப்போய், நன்றாகக் குடித்தேன். மாஸ்டர், கேணியைக் குடிச்சு முடிச்சுப்போடாதேங்கோ, நாளைக்கும் சனம் தோயவேணும் என்றார் இராசநாயகம். நிறைந்த குடத்தில் ஊற்ற முடியுமா? உள்ளே இருப்பதை விட்டால்தான் புதிதாக வரும். வகுப்பில் எத்தனை பிள்ளைகளுக்கு இந்த உதாரணத்தைச் சொல்லியிருக்கிறேன்!

பிறகு அவர் என் வயிற்றுக்குக் கீழே கை கொடுத்துத் தாங்கினார். முகத்தைத் தாழ்த்தி ஊதினேன். வலப்பக்கம் திரும்பினேன். காற்று வந்தது. இராசநாயகம் அந்தப் பக்கம்தான் நின்றார். ஆனால் குணம், அவர் முகத்தை நான் காணவில்லை. காற்றைத் தவிர வேறொன்றும் எனக்குத் தெரியவில்லை. மூச்சுக்குத் திரும்புகிறவருக்கு ஆளைப் பார்க்க நேரமில்லை என்பது படியில் இருந்தவனுக்கு எப்படித் தெரியும்? நெஞ்சில் கிடந்த பாரம் அரைவாசி அங்கேயே கரைந்தது. மிச்ச அரைவாசி இன்னும் இருக்கிறது. பொய் சொல்லமாட்டேன்.

ஆகவே, ஓம், ரிக்கற்றை மாற்று. அக்கரைவரை நீந்து. தேரன்று உன் பெயருக்கும் நான் தேங்காய் உடைக்கிறேன். ஆனால் புதுத் திகதி போட்டு மாற்று. திகதி போடாத ரிக்கற் வேண்டாம்.

வரும்போது அந்த உடுப்பையும் கொண்டுவா. கீரிமலையில் பெண்கள் பக்கம் மதிலுக்குள் நாலு கை போடவும் இடம் காணாது. காங்கேசன்துறைக் கரையைப் போய்ப் பார்த்தேன். விடியப்புறம் கடல் அலையில்லாமல் கிடக்கிறது. கழுத்திலிருந்து கணுக்கால்வரை மூடிய உடுப்பைப் பார்த்து ஒருவரும் ஒன்றும் சொல்ல ஏலாது. எங்கடை வெயிலுக்கு அக்கா அதுக்குள்ளை அவிஞ்சு போவா என்கிறார் இராசநாயகம். இதைக் கொலின்ஸிடம் கேட்காதே. நாங்களே போட்டுப் பார்ப்போம். சிப்பை நான் இழுத்துவிடுகிறேன்.

முழங்கால் நோகாமல், மூச்சு வாங்காமல் நீ கரைசேர முருகன் துணையிருப்பார்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். இடப்பக்கமும் திரும்பி மூச்செடுத்துப் பழகச் சொல்கிறார்கள், அதுதான் வருகுதில்லை, அந்தப் பக்கம் வெறும் தண்ணீர், பார்க்க ஒருவரும் இல்லை என்று சொன்னாய். கொஞ்சம் கொஞ்சமாகப் பழகு, குணம். அந்தப் பக்கத்தை எனக்கு விட்டுவை.

உன்,
சிவசுப்பிரமணியம்