ஃபேமிலிக்கு மட்டும்

அன்புள்ள ரெஜினா,

நீ எலெக்ட்ரானிக் சிட்டி பி.ஜி. விடுதிக்குப் போனதிலிருந்து இந்த வீட்டில் எந்த நாற்காலியிலும் உட்கார முடியவில்லை. நடந்துகொண்டே எழுதுகிறேன்.

ஒரு கிரெடிட் கார்டிலிருந்து உன் கணக்குக்கு வாடகை என்று அனுப்பி, அந்தப் பணத்தால் இன்னொரு கார்டைக் கட்டிக்கொண்டிருந்தேன். வங்கியைப் பொறுத்தவரை நீதான் என் ஹவுஸ் ஓனர். ஓனர் கோபித்துக்கொண்டு வெளியேற, குடியிருப்பவன் உள்ளே தங்கிய வீடு பெங்களூரில் நம்முடையது ஒன்றுதான்.

இதை நிறுத்தினால்தான் திரும்புவேன் என்றாய். நிறுத்திவிட்டேன். இரண்டு கார்டையும் கத்தரித்தாயிற்று. பாக்கியை வங்கி தவணையாகப் பிரித்துவிட்டது. தவணை போக மிஞ்சுவதில் இந்த ஆஸ்டின் டவுன் வீட்டு வாடகை கட்டுப்படியாகாது. அதனால் சந்தாபுராவில் ஓர் அறை பார்த்தேன்.

வீட்டுக்கார லட்சுமம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஃபேமிலிக்கு மட்டும்தான்பா. எங்கே உன் பொண்டாட்டி?"

"வேலைக்குப் போயிருக்கா ஆன்ட்டி."

"எல்லா பேச்சுலரும் இதையேதான் சொல்றான். சண்டே கூட்டிட்டு வா. அவ மூஞ்சியைப் பார்த்துட்டுத்தான் சாவி."

அங்கிருந்து உன் ஆபீஸுக்கு ஒரே பஸ். தண்ணீர் காலையில் மட்டும் வரும். சமையல் மேடை உன் உயரத்துக்குச் சரியாக இருக்கும்.

ஞாயிறு பூசை முடிந்ததும் வருவாயா? அந்த அம்மா முன்னால் பத்து நிமிடம் நின்றால் போதும், பிறகு பி.ஜி.க்குப் போய்விடலாம் என்று எழுதி, அடித்துவிட்டேன். பெட்டியோடு வா.

இப்படிக்கு,
கல்யாணம் ஆனவன் என்று லட்சுமம்மா நம்பாத
உன் கணவன்