தடித்த நரம்பு

19.5.1979, சனி. கொடைக்கானல்.

கப்பலில் வேலை பார்க்கும் அக்கா வீட்டுக்காரர் இந்த முறை மீன் பிடிக்க, மரத்தில் செய்த தூண்டில் தவளை இரண்டு கொண்டுவந்திருந்தார். தண்ணீர்மேல் மிதக்கும், இழுத்தால் தத்தும், விரால் பாய்ந்து கவ்வும். இன்று எல்லோரும் பழனிப் பக்கத்துக் குளம் ஒன்றுக்குப் போனோம்.

குளம் முழுக்கத் தாமரை. "விறைப்பான தூண்டில் கம்பு வேணும் அத்தான். தூண்டில் நரம்பும் தடிமனா இருக்கணும், எங்கிட்ட இருக்கு. மீனு கொடிக்குள்ள பூந்தா மெல்லிசு அறுந்துரும்" என்றேன்.

"தடி நரம்பு மீன் கண்ணுக்குத் தெரியும். நீ போயிச் சாப்பாட்டக் கவனி" என்றார். வளையும் கம்பில் மெல்லிய நரம்பை அவரே கோத்தார். முடிச்சை மட்டும் என்னைப் போடச் சொன்னார்.

பெரிய விரால். கவ்வியதும் தாமரைக்குள் ஓடியது. அந்தக் கம்பால் அதைத் திருப்ப முடியவில்லை. தவளையோடு போய்விட்டது.

வீட்டில் சாப்பிடும்போது எல்லோர் முன்னாலும், "இவ போட்ட முடிச்சு அவுந்துருச்சு" என்றார். நரம்பை எடுத்துவந்து காட்டினேன். முடிச்சு அவிழ்ந்திருந்தால் நுனி சுருண்டிருக்கும். இது தேய்ந்து பிய்ந்திருந்தது. ஒருவரும் குனிந்துகூடப் பார்க்கவில்லை. என் வீட்டுக்காரர், "விருந்தாளிகிட்ட என்ன வம்பு, விடு" என்றார்.

பாத்திரம் கழுவும்போது அத்தான் அடுக்களைக்கு வந்தார். "அந்தத் தடி நரம்ப எங்க வச்சிருக்க? நாளைக்கு வெள்ளனே போகணும்" என்று தணிந்த குரலில் கேட்டார். அப்படியென்றால் எல்லாம் தெரிந்துதான் என்மேல் பழி போட்டிருக்கிறார்.

"நரம்புதான் அறுந்துச்சுன்னு எல்லார் முன்னாடியும் சொல்லுங்க அத்தான், தாரேன்" என்றேன்.

திரும்பிப் போய்விட்டார். தடி நரம்பைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டேன்.