கான்கிரீட் கூடாது

மே 4
இன்றும் நடைப்பயணிகள் வந்தார்கள். பக்கத்து ஊரிலிருந்து கல் பாதையில் ஏறி வந்து, எங்கள் சன்னலுக்குக் கீழே நின்று படம் எடுத்தார்கள். உள்ளே என் கணவன் லம்ப்ரோஸ் சக்கர நாற்காலியில் சுவரைப் பார்த்தபடி இருந்தான். இவர்களைப் போன்றவர்களை வழிகாட்டியாக ஊர் ஊராக நடத்திக்கொண்டு போனவன். போன குளிர்காலம் கூரையில் பலகைக்கல் பதிக்கும்போது விழுந்தான். அதன்பிறகு வாசலைத் தாண்டவில்லை. வெளியே படிகளும் மேடுபள்ளமான கற்களும்தான். நாற்காலி எப்படிப் போகும்?

மே 9
பக்கத்து வீட்டுக் கலியோப்பி வந்தாள். "படியைச் சரிவாக்கி, சதுக்கம் வரைக்கும் ரெண்டு முழ அகலத்துக்குக் கான்கிரீட் போட்டா போதும்டி. ஊர்ச் சங்கத்துல கேளு."
கான்கிரீட் கூடாது என்பது சங்கத்தின் விதி. இடிந்து கிடந்த ஊரை எல்லோருமாகக் கல் கல்லாக எடுத்துக் கட்டியபோது அதை எழுதியவனே லம்ப்ரோஸ்தான். இன்றும் அவன்தான் தலைவர்.

மே 10
அவனிடம் கேட்டேன். சக்கரத்தை உருட்டிக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விட்டான்.

மே 16
ஆதரவு கேட்டு வீடு வீடாகப் போனேன். விடுதி நடத்தும் ஸ்டெர்கியோஸ் சொன்னான்: "கல்லைப் பார்க்கத்தானேக்கா ஆளுங்க வர்றாங்க? இன்னைக்கு உனக்குப் போட்டா நாளைக்கு எல்லாரும் கேப்பாங்க."
"உன் காலு நல்லா இருக்கு, அதான் பேசுற" என்றேன். அப்புறம் அவன் முன்னாலேயே அழுதுவிட்டேன். சே.

மே 23
சங்கக் கூட்டம் எங்கள் வீட்டில். லம்ப்ரோஸால்தான் போக முடியாதே. கீரை அடைத்துப் பிட்டா அப்பம் சுட்டேன், சாராயம் ஊற்றிக் கொடுத்தேன். பாதிப் பேர் கை தூக்கினார்கள், பாதிப் பேர் தூக்கவில்லை. சமமாக வந்தால் தலைவர் சொல்வதுதான் முடிவு. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது — அப்பாடா, முடிந்தது என்றே நினைத்தேன்.
"வேண்டாம்" என்றான் லம்ப்ரோஸ். "எனக்காக ஊரைக் கெடுக்காதீங்க."
ஸ்டெர்கியோஸ்கூடத் தலையைக் குனிந்துகொண்டான்.
எனக்காகவாம். அப்ப நான்? தூக்கி, குளிப்பாட்டி, இந்த இருட்டு வீட்டுக்குள்ள — நான் யாருடா உனக்கு?

மே 24
"ஏன்யா இப்படிப் பண்ணின?"
"நான் போன பிறகும் அந்தப் பாதை இருக்கணும்ல, பொலிக்சேனி."
"நீ உசுரோட இருக்கியே, அதுக்கு என்ன பண்றது?"


ஜூன் 12
இனி இங்கே முடியாதென்று, யானினா நகரத்தில் அவன் தங்கை வீட்டுக்கே குடிபோகப் புறப்பட்டோம். அவனைக் கோவேறு கழுதைமேல் வைத்துக் கட்டி, ஊரார் சாலை வரை இறக்கினார்கள். கண்ணை மூடிக்கொண்டே வந்தான். எதிரே வந்த நடைப்பயணிகள் ஒதுங்கி வழிவிட்டார்கள். ஒருத்தி படம் எடுத்தாள்.

நவம்பர் 3
தங்கை வீடு நான்காவது மாடி. லிஃப்ட் இருக்கிறது. லம்ப்ரோஸ் தினமும் தானாகவே இறங்கி ஏரிக்கரைக்குப் போகிறான், கடைக்காரர்களோடு வம்பளந்துவிட்டு ரொட்டி வாங்கி வருகிறான்.
"நீயும் வாயேன், ஒரு சுத்து சுத்திட்டு வரலாம்" என்றான் இன்று.
சன்னலில் தெரியும் மலையைப் பார்த்தபடி, தலைவலி என்றேன். இங்கே வந்ததிலிருந்து நான் கீழே இறங்கவே இல்லை.