என் ஸ்வெட்டர் முதலில் பார்த்த ஊர்

போன செவ்வாய்க்கிழமை பீரோவைத் திறந்ததும் பாச்சை உருண்டை வாசனை முகத்தில் அடித்தது. அடித்தட்டிலிருந்து என் மெரூன் கலர் ஸ்வெட்டரை எடுத்து உதறினேன். ஞாபகம் இருக்கிறதா? ஆபீஸ் டூரில் கொடைக்கானலில் நான் வாங்கியது. "புதுக்கோட்டை வெயிலுக்கு எதுக்குடி ஒனக்கு ஸ்வெட்டரு?" என்று கேலி செய்தவள் நீ. மகளுக்குப் பிரசவம் பார்க்க நெதர்லாந்து கிளம்பியபோது அதையே கேட்டு வாங்கிக்கொண்டு போனவளும் நீதான். திருப்பித் தரவேயில்லை. உன் பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு உன் மகள் கவிதா அதை அப்படியே மடித்து ஒரு கவரில் போட்டு என் கையில் கொடுத்தாள்.

இப்போது நான் கிளம்ப வேண்டிய முறை. "அம்மாவும் நீங்களும் போட்ட பிளானுதானே சித்தி, சித்திரையில வாங்க, நான் கூட்டிட்டுப் போறேன்" என்று கவிதா கூப்பிட்டிருக்கிறாள். ஸ்வெட்டர் இன்னும் பிடிக்கிறதா என்று போட்டுப் பார்த்தேன். உள்பையில் ஏதோ மொடமொடத்தது. எடுத்தேன். சின்ன டிக்கெட். ஒரு படகுப் படம். அதற்குக் கீழே ஊர்ப்பெயர்.

அந்தப் பெயரை எனக்கு யாரும் படித்துக் காட்ட வேண்டியதில்லை. பதினொரு வருஷம் பார்த்த எழுத்து அல்லவா! தாலுகா ஆபீசில் என் டைப்ரைட்டருக்கு மேலே தொங்கிய காலண்டரில் ஒரு மாதத்துக்கு அந்தப் படம் வந்தது. செங்கல் வீடுகள், வாசலை ஒட்டியே ஓடும் வாய்க்கால், வளைந்த கல் பாலம், இரண்டு அன்னங்கள். புரூஜ், பெல்ஜியம். மாதம் முடிந்தும் தாளைக் கிழிக்க நீ விடவில்லை. "இந்த ஊருல யாரும் ஓடிப்போயி பஸ் பிடிக்க மாட்டாங்கடி. இங்கிட்டு ஒரு தடவையாவது போயி மெதுவா நடக்கணும்" என்றாய். கண்டக்டரிடம் தினமும் சண்டை போட்டு வேலைக்கு வரும் இரண்டு பேருக்கு அதைவிடப் பெரிய ஆசை வேறென்ன இருக்கும்?

கந்தர்வக்கோட்டை பஸ்ஸில்தான் அந்தப் பயணம் முழுவதையும் போட்டோம். நீ பஸ் ஸ்டாண்டிலேயே ஏறிவிடுவாய். மூன்றாவது ஸ்டாப்பில் நான் ஏறும்வரை உன் கறுப்புக் கைப்பை என் இடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும். யார் வந்து முறைத்தாலும், "ஆள் வருது" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாய். இரண்டு பேரும் ரிட்டயர் ஆன மறு சித்திரையில் போவது. மூன்று ராத்திரி அந்த ஊருக்குள்ளேயே தங்குவது. காலையில் வந்து சாயங்காலம் ஓடும் டூர் கும்பலோடு சேரக் கூடாது. முதல் நாள் எதையும் பார்க்கவே கூடாது. வாய்க்கால் ஓரம் உட்கார்ந்து காபி குடிப்பது மட்டும். மணிக்கூண்டில் முந்நூற்று அறுபத்தாறு படி என்று நான் எங்கோ படித்துவிட்டு வந்து சொன்னபோது, "நார்த்தாமலை ஏறவே எனக்கு மூச்சு வாங்குது, கீழ நின்னு அண்ணாந்து பாத்துட்டு வந்துருவோம்" என்று நீ அதை அடித்துவிட்டாய்.

உனக்கு நெதர்லாந்து விசா வந்த அன்று எனக்கு வயிற்றில் சின்னதாக எரிந்தது. மறைப்பானேன்? பக்கத்து நாடுதானே. "ஒத்தையில போயி பாத்துட்டு வந்த, அப்பறம் என் மூஞ்சியில முழிக்காத, சொல்லிட்டேன்" என்றேன். சிரித்துக்கொண்டேதான் சொன்னேன். நீயும் சிரித்தாய். "ஒன்னைய விட்டுட்டு நான் அங்க போயி என்னத்தடி பாக்கப்போறேன்?" என்றாய்.

மூன்று மாதம் கழித்துத் திரும்பி வந்தாய். பஸ்ஸில் ஏறி, பையை எடுத்து உன் மடியில் வைத்துவிட்டு உட்கார்ந்ததும் நான் கேட்ட முதல் கேள்வி அதுதான். "எங்கிட்டுப் போறது? பிள்ளையக் குளிப்பாட்டித் தூங்க வைக்கவே நேரம் சரியாப் போச்சு" என்றாய். ஆதனக்கோட்டையில் முந்திரி வறுக்கும் புகை ஜன்னல் வழியாக வந்துகொண்டிருந்தது. நீ என் முகத்தைப் பார்க்கவில்லை, வெளியே பார்த்தாய். புகைக்குத்தான் திரும்பினாய் என்று நினைத்தேன், மடச்சி.

அதற்குப் பிறகு நம் திட்டம் எப்படி வளர்ந்தது! "வார் வச்ச செருப்புதான் போடணும், ரோடு பூரா கல்லு." "அன்னத்துக்குக் கிட்டப் போயிராத, சீறும்." "காலையில எட்டு மணிக்கு முன்னாடி எறங்கிரணும், அப்ப ஊரு நமக்கு மட்டுந்தான்." "படகுல பின்வரிசை ஓரம்தான் நல்லது. பாலத்துக்கு அடியில போறப்ப தலையக் குனிஞ்சுக்க." எப்படிடி இவ்வளவு தெரியும் என்று வாயைப் பிளந்து கேட்டேன். போனில் பார்த்ததாகச் சொன்னாய். மூன்று வருஷம் தினமும் என் பக்கத்தில் உட்கார்ந்து, போய்விட்டு வந்த ஊருக்கு என்னோடு சேர்ந்து முதல்முறையாகப் போவதுபோலத் திட்டம் போட்டாயே, உனக்கு எப்படி மனசு வந்தது?

அதைக்கூட மன்னித்துவிடுவேன். புரட்டாசியில், ரிட்டயர்மென்ட்டுக்கு ஐந்து மாதம் இருக்கையில், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தவள் எழுந்திருக்கவில்லை. உன்னை நடுவீட்டில் கிடத்தியிருந்தபோது உன் கையைப் பிடித்துக்கொண்டு நான் என்ன சொல்லி அழுதேன் தெரியுமா? "அந்த ஊரப் பாக்காமலே போயிட்டியேடி, ஒரு தடவ பாக்காமலே போயிட்டியே" என்று அழுதேன். ஆபீசே நின்றது, உன் சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் நின்றார்கள். பாவம், ஏதோ ஊர் பார்க்கும் ஆசையாம் என்று உன் நாத்தனார்கூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நீ பார்த்த ஊரைப் பார்க்கவில்லை என்று என்னை அழ வைத்தாயே. அந்த அழுகையை எங்கே கொண்டுபோய் வைப்பது?

டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டே கவிதாவுக்குப் போன் போட்டேன். "ஆமா சித்தி, பாப்பாவுக்கு ரெண்டு மாசம் இருக்கும்போது ஒருநாள் போயிட்டு வந்தோமே. அம்மா சொல்லலையா?" என்றாள்.

"சொல்லாம என்ன, சொன்னா" என்றேன்.

"அதான பாத்தேன். அன்னைக்கு நீங்க அழுதப்ப, ரெண்டு பேரும் சேந்து பாக்காம போச்சேன்னு அழுறீங்கன்னுதான் நெனச்சேன்."

"ஆமாம்மா, அதுக்குத்தான்."

பார்த்தாயா, உன்னைக் காட்டிக்கொடுக்க எனக்கு வாய் வரவில்லை. உன் பொய்யை இப்போது நான் சுமக்கிறேன்.

போனை வைத்த கொஞ்ச நேரத்தில் கவிதா ஒரு படம் அனுப்பினாள். படகின் பின்வரிசை ஓரத்தில் நீ. நூல் புடவை, தலையில் மப்ளர், மேலே என் ஸ்வெட்டர். பக்கத்து இடத்தில் உன் கறுப்புக் கைப்பை நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறது. வாரை மணிக்கட்டில் சுற்றிப் பிடித்திருக்கிறாய். கீழே எழுதியிருந்தாள்: "ஒரு வெள்ளைக்காரம்மா அங்க உக்கார வந்தாங்க சித்தி. அம்மா பைய எடுக்கவே மாட்டேன்னுட்டாங்க. ஆள் வருது, ஆள் வருதுன்னு தமிழ்லயே சொல்றாங்க! நாங்கதான் சாரி சொல்லி அவங்கள முன்னாடி அனுப்புனோம்."

இதைப் பார்த்து நான் உருகிவிடுவேன் என்று நினைக்காதே. இடம் போட்டு வைத்தவள் ஆளுக்குச் சொல்ல வேண்டாமா? ஏறுகிறவளுக்கே தெரியாத பஸ்ஸில் இடம் போட்டு என்ன பிரயோஜனம்? மூஞ்சியில் முழிக்காதே என்று நான் சொன்னதற்குப் பயந்தாய் என்பது இப்போது புரிகிறது. இரண்டு நாள் பேசாமல் இருந்திருப்பேன். மூன்றாம் நாள், அந்த அன்னம் எப்படிடி சீறும் என்று நானே கேட்டிருப்பேன். என்னை அவ்வளவுகூடத் தெரியாதா உனக்கு?

சித்திரையில் போகிறேன். வேண்டாம் என்று நாலு நாள் நினைத்தேன், பிறகு போகத்தான் வேண்டும் என்று முடிவு செய்துவிட்டேன். நீ சொன்னபடி வார் வைத்த செருப்பு வாங்கியாயிற்று. எட்டு மணிக்கு முன்னாலேயே இறங்கி நடப்பேன். மணிக்கூண்டை மட்டும் கீழே நின்று பார்க்க மாட்டேன், உட்கார்ந்து உட்கார்ந்தாவது ஏறுவேன். அது ஒன்றுதான் நீ பார்க்காதது. படகில் முன்வரிசையில் உட்காருவேன். பையை என் மடியிலேயே வைத்துக்கொள்வேன். பக்கத்தில் யார் வந்து உட்கார்ந்தாலும் உட்காரட்டும். ஆள் வருது என்று நான் சொல்ல மாட்டேன்.