பதிமூணாவது ஊடு

ஆகஸ்ட் 18
அரசாங்கம் ஊடு கட்டித் தர்ற திட்டத்துல எங்க ஊராட்சிக்கு இலக்கு பதினெட்டாம். மேல இருந்து வந்த நம்பர். "மேலன்னா மலை உச்சியில இருக்கற சேர்வராயன் கோயிலுக்கும் மேலயா?"ன்னு கேட்டேன். ஊராட்சிச் செயலர் காளியப்பன் சிரிக்கல. பட்டியல்ல நாங்க பதிமூணாவது.

ஆகஸ்ட் 24
மாசக் கடைசிக்குள்ள அஸ்திவாரம் தோண்டி போட்டோ ஏத்தோணுமாம். "பழைய ஊடு நின்னா ஆப் ஏத்துக்காதுங்க"ன்னாரு காளியப்பன்.
"ஆப்பு வெக்கிற ஆப்பா?"ன்னேன். அம்மா என் தலையில கொட்டுச்சு.
மழைக்கு முன்னாடி இடிக்க அம்மாவுக்கு மனசில்ல. "நாம இடிக்காட்டியும் அதுவா விழும். விழறதுக்குள்ள போட்டோவுக்காவது ஆவட்டும்"ன்னேன். அப்பா சிரிச்சுட்டாரு. அந்தச் சிரிப்புலயே முடிவாயிருச்சு.

ஆகஸ்ட் 30
இடிச்சாச்சு. கதவை சில்வர் ஓக் மரத்துல சாத்தி வெச்சிருக்கு. தட்டி, "ஏனுங்க, ஊட்டுல ஆருங்க?"ன்னேன். அம்மாகூடச் சிரிச்சுது. அஸ்திவாரக் குழியோரம் மூணு பேரும் நின்னு போட்டோ.
எஸ்டேட்ல கணக்கெழுதற ரைட்டர் மனுவேல் காப்பிக் கொட்டாய்ல தங்கிக்கச் சொன்னாரு. காப்பிப் பழம் பறிக்க ஆரம்பிக்கிற வரைக்கும்.

செப்டம்பர் 29
மாவட்டத்துக்கே இலக்கைக் குறைச்சுட்டாங்க. எங்க ஊராட்சிக்குப் பன்னெண்டு.
பன்னெண்டு.
"இடிச்சுட்டோமேங்க"ன்னாரு அப்பா.
"நான் என்னங்க பண்ணட்டும்? நம்பர் மேல இருந்து வருது." காளியப்பனுக்கும் முகம் செத்துப்போச்சு.
இலக்கிலிருந்து விலக்கு - எழுதிப் பார்த்தேன். சிரிப்பு வரல.

அக்டோபர் 17
மழை. குழி நிறைய தண்ணி. அம்மா என்னை ஒரு வார்த்தை சொல்லல. திட்டித் தொலைச்சா நல்லாருக்கும்.

நவம்பர் 6
பறிக்க ஆள் வந்தாச்சு. கொட்டாயைக் காலி பண்ணோணும்.
அடுத்த இலக்குக்குப் புதுசா கணக்கெடுக்கறாங்களாம். அப்பாகூட நானும் ஊராட்சி ஆபீசுக்குப் போனேன்.
"குடிசையில இருக்கறவங்களைத்தான் எழுதுவாங்க. காலி இடத்தை எப்படிங்க ஏத்தறது?"ன்னாரு காளியப்பன்.
"இருந்த குடிசையை நீங்க சொல்லித்தானுங்களே இடிச்சோம்?"
காளியப்பன் ஃபைலை மூடி, "குடிசை இருந்தா எழுதிக்குவாங்க"ன்னாரு.

நவம்பர் 9
குழிக்குப் பக்கத்துல குடிசை கட்டறோம். பழைய தகரம், பழைய கம்பு. அப்பா பழக்கத்துல கயிறை இறுக்கிக் கட்டுனாரு.
"நொம்ப நல்லாக் கட்டிறாதீங்க. போட்டோ எடுக்க வருவாங்க"ன்னுச்சு அம்மா. கிண்டலா இல்ல.
அப்பா முடிச்சை அவுத்து, தளர்த்திக் கட்டுனாரு. தகரத்துல ஒரு ஓட்டை இருந்துது. அதையும் அடைக்கல.
அதுக்கு நேர் கீழே யார் படுக்கறதுன்னு யாரும் பேசல. என் பாயை அங்க விரிச்சுட்டேன்.