முதலில் வெப்பநிலை, பிறகு தவளை

டீச்சர்,

ஒன்று உறுதியாகிவிட்டது. கொல்லிமலை மரத்தவளையும் பச்சைமலை மரத்தவளையும் வெகுகாலமாக ஒன்றோடொன்று கலக்கவில்லை. மரபணுச் சோதனை செய்த ஆய்வகம் தன் அறிக்கையில் அப்படித்தான் எழுதியிருக்கிறது. உங்களோடு வேலை செய்த கல்லூரி விரிவுரையாளர் போன வாரம் அதை எனக்கு அனுப்பினார். இரண்டு முறை படித்தேன். போனில் அவரிடமும் கேட்டு உறுதி செய்துகொண்டேன்.

அறிக்கையோடு ஒரு சின்னப் பார்சலும் வந்தது. பிரித்தால் உங்கள் தெர்மாமீட்டர். ஷூ லேஸில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பீர்களே, அதேதான். 'டீச்சர் உங்களிடம் தரச் சொன்னார்' என்று கூடவே அவர் எழுதிய ஒரு வரி.

அது உங்கள் கழுத்துக்கு வந்த கதையில் எனக்கும் பங்கு உண்டு.

ராசிபுரத்திலிருந்து மாற்றலாகி வாழவந்தி நாட்டுப் பள்ளிக்கு வந்த உயிரியல் ஆசிரியை ஒருவர், மழைக்காலச் சாயங்காலங்களில் ரெக்கார்டரோடு ஓடையோரம் உட்கார்ந்திருக்கிறார் என்று கேள்விப்பட்டுத்தான், எங்கள் பேப்பருக்குச் செய்தி எடுக்க நான் முதன்முதலில் உங்களைத் தேடி வந்தேன். கட்டைவிரல் நகத்தளவே இருக்கும் அந்தத் தவளையின் இரண்டு பதிவுகளைப் போட்டுக் காட்டினீர்கள். அடிவாரத்தில், புளியஞ்சோலையில் எடுத்தது படபடவென்று ஓடியது. மேலே சோளக்காட்டுக்குப் பக்கத்தில் எடுத்தது விட்டு விட்டு, நிதானமாக வந்தது. பெண் தவளை தன் இனத்து ஆணைக் குரலை வைத்துத்தான் தேடிப் போகும் என்றும், குரல் வேறாகிவிட்டால் ஜோடி சேராது என்றும், அப்படிச் சேராமலே தலைமுறைகள் போனால் ஒன்று இரண்டாகிவிடும் என்றும் விளக்கினீர்கள். "இது ரெண்டும் வேற வேற இனமா இருக்கும்னு தோணுதுங்க" என்றீர்கள்.

அந்தத் 'தோணுதுங்க'வை எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் எதிலோ தொலைத்துவிட்டு நாமக்கல் வந்து சேர்ந்தேன். இரண்டாம் நாள் மாவட்டப் பக்கத்தின் தலையில் 'கொல்லிமலையில் புதிய தவளை இனம்' என்று வந்தது.

மார்கழியில் நீங்கள் எங்கள் ஆபீஸ் படியேறி வந்தீர்கள். குடையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. புளியஞ்சோலையில் இரண்டு நாளாக விடாத தூறல், நல்ல குளிர் என்றீர்கள். அந்தக் குளிரில் அடிவாரத்துத் தவளையும் மலைமேல் தவளையைப் போலவே நிதானமாகக் கத்துகிறது. வெயிலடித்தால் வேகம் கூடுகிறது, குளிர்ந்தால் குறைகிறது. நீங்கள் இரண்டு இனம் என்று எண்ணியது ஒரே தவளை. மாறியது காற்றின் சூடுதான். பதிவு செய்த நேரத்தில் வெப்பநிலையைக் குறிக்காமல் விட்டிருந்தீர்கள்.

"தப்பு என்னுதுங்க. எம்பேரப் போட்டே திருத்தம் போட்ருங்க" என்றீர்கள்.

எங்கள் உதவி ஆசிரியர் உள்பக்கத்தில் இரண்டு வரி போட்டால் போதும் என்றார். நீங்கள் நாற்காலியை விட்டு எழவில்லை. "செய்தி எங்க வந்துச்சோ, திருத்தமும் அங்கயே வரோணுமுங்க."

அங்கேயே வந்தது. பேப்பரில் தங்கள் பெயர் வரக்கூடாது என்று கேட்டு வந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். செய்த தப்பைத் தன் பெயரோடு போடச் சொல்லி மலையிலிருந்து பஸ் ஏறி வந்தவர் நீங்கள் ஒருவர்தான். உங்கள் 'தோணுதுங்க'வை விழுங்கியது நான். அதைப்பற்றி அன்றைக்கும் பிறகும் நீங்கள் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அடுத்த மழைக்கு நான் மேலே வந்தபோது தெர்மாமீட்டர் கழுத்தில் ஏறியிருந்தது. ஓடையை ஒட்டி மிளகும் மரவள்ளியும் வைத்திருக்கும் காளியப்பன் அதற்குள் கேலியை ஆரம்பித்திருந்தார். "ஏனுங்க டீச்சர், தவளைக்குக் காச்சலுங்களா? மாத்தர எதும் குடுத்தீங்களா?" நீங்கள் சிரிக்காமல், இன்றைக்குக் காய்ச்சல் இருபத்தொரு டிகிரி என்றீர்கள். அன்றிலிருந்து உங்கள் ஒவ்வொரு பதிவிலும் முதலில் கேட்பது உங்கள் குரல்தான். தேதி, இடம், வெப்பநிலை. அதற்குப் பிறகுதான் தவளை.

அந்த ஒழுங்கோடு பச்சைமலைக்கும் போய் வந்தீர்கள். ஒரே வெப்பநிலையில் எடுத்த இரண்டு மலைகளின் குரல்களையும் காளியப்பன் களத்து மேட்டில் உட்கார்ந்து கேட்டோம். நம் மலைத் தவளை ஒரு முறை நீளமாக இழுத்து, நிறுத்தி, இரண்டு சொடுக்குப் போடுகிறது. பச்சைமலைத் தவளை நிறுத்தாமல் ஒரே சரமாகக் கொட்டுகிறது. குளிரிலும் அப்படித்தான், சூட்டிலும் அப்படித்தான்.

ஒரே மாதிரி இருக்கும் தவளை எப்படி இரண்டாகும் என்று காளியப்பன் கேட்டார். ஒரு காலத்தில் ஈரக்காடு இரண்டு மலைகளுக்கும் நடுவில் தொடர்ந்து இருந்திருக்கலாம் என்றீர்கள். நடுவில் துறையூர்ப் பக்கத்துச் சமவெளி காய்ந்துபோனதும் தவளைகள் அந்தந்த மலையோடு நின்றுவிட்டன. தோல் ஈரமாக இல்லாவிட்டால் செத்துப்போகும் உயிர் அந்த வெயிலைத் தாண்டாது. அங்கே பிறந்த சின்னச் சின்ன மாற்றம் இங்கே வரவில்லை. இங்கே பிறந்தது அங்கே போகவில்லை. ஆணின் குரல் மாற மாற, அதைத் தேர்ந்தெடுக்கும் பெண்ணின் காதும் கூடவே மாறியது.

எந்தக் காலத்தில் இரண்டானது என்று நான் கேட்டேன். எனக்குச் செய்திக்கு ஒரு தேதி வேண்டும். நீங்கள் சொன்னதை அப்படியே குறித்து வைத்திருக்கிறேன்: "இன்ன நாளுன்னு ஒண்ணு கெடையாதுங்க. ரெண்டாயிருச்சான்னு கேளுங்க, சோதிச்சுப் பாத்துச் சொல்றேன்."

காளியப்பனுக்கு அதற்கும் வழி தெரிந்திருந்தது. பச்சைமலையில் அவருக்குச் சொந்தக்காரர்கள் உண்டு. ஒரு ஜோடியைப் பிடித்து டப்பாவில் போட்டு பஸ்ஸில் கொண்டுவந்து ஓடையில் விட்டால், சேருகிறதா இல்லையா என்று தெரிந்துவிடும் என்றார்.

"அத்தன காலம் இயற்க பண்ணுன வேலய நீங்க ஒரு பஸ் டிக்கெட்டுல அழிச்சுப்போடுவீங்க போங்க" என்றீர்கள். கலந்துவிட்டால் பிறகு பிரிக்க முடியாது. குரல் மட்டும்தான் மலை தாண்டலாம், தவளை தாண்டக் கூடாது. உங்கள் சோதனை முழுக்க இந்த ஒரு விதிமேல்தான் நின்றது. வனத்துறை அனுமதியோடு, ஓடைக்கரையில் இந்தப் பக்கம் ஒரு ஸ்பீக்கர், அந்தப் பக்கம் ஒரு ஸ்பீக்கர், நடுவில் நம் மலைப் பெண் தவளை. எந்தக் குரலை நோக்கிப் போகிறது என்று மூச்சுவிடாமல் பார்த்தோம். நீங்கள் வைத்துப் பார்த்த பெண் தவளைகளில், நகர்ந்தவை எல்லாம் நம் மலைக் குரலை நோக்கியே போயின. நகராமல் உட்கார்ந்திருந்தவற்றையும் நோட்டில் எழுதினீர்கள்.

பச்சைமலைப் பெண் தவளைகளை வைத்து இதே சோதனையைச் செய்ய உடம்பு உங்களை விடவில்லை. போன ஆடியில் கடைசியாகப் பேசியபோது குரல் மெலிந்திருந்தது. செய்திக்குத் தலைப்பு எழுதி வைத்துவிட்டீர்களா என்று கேட்டீர்கள். இல்லை என்று சொல்ல வாயெடுத்து, எழுதிவிட்டேன் என்று ஒப்புக்கொண்டேன். சிரித்தீர்கள். "ஒரு கேள்விக்குறி போட்டு வைங்க. மழ வரட்டும்." பத்து நாளில் போய்விட்டீர்கள்.

ஆய்வக அறிக்கை வந்ததும் என் கை அந்தக் கேள்விக்குறியை அடிக்கத்தான் போனது. அடிக்கவில்லை. கலக்கவில்லை என்றுதான் அறிக்கை சொல்கிறது. இனியும் கலக்காது என்று சொல்லவில்லை. வாய்ப்பே இல்லாததால் சேராமல் இருந்திருக்கலாம். வாய்ப்பு வந்தாலும் சேராதா என்பதைப் பச்சைமலைப் பெண் தவளைகளும் சொல்ல வேண்டும்.

அந்தச் சோதனைதான் பாக்கி. விரிவுரையாளருக்கு அனுமதி கிடைத்திருக்கிறது. ஐப்பசி மழை பிடித்ததும் பச்சைமலை ஓடையில் தொடங்குகிறார். கார்த்திகை முடிவதற்குள் தெரிந்துவிடும் என்கிறார். நானும் போகிறேன். ஸ்பீக்கர்களை அவர் பார்த்துக்கொள்வார். தெர்மாமீட்டரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, தவளை வாய் திறப்பதற்கு முன் தேதியையும் இடத்தையும் வெப்பநிலையையும் சொல்வது என் வேலை.